இரண்டேகால் மணிக்கு

பச்சை அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார் பாஸ்டர்.
பெயர், தேதி, யாரிடம் சாட்சி சொன்னீர்கள்,
அவர் என்ன சொன்னார்.
பத்து வரி. ஆறு மாதம்.
என் அட்டையில் ஏறியிருப்பது
சட்டைப்பையின் வியர்வை மட்டும்.

கூச்சம் என்று சொல்லித் தப்ப முடியாது.
மாட்டுத்தாவணி பார்சல் ஆபீஸில்
விடியும்வரை தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்.
திருச்சி மூட்டை எட்டு, நாகர்கோவில் பெட்டி ரெண்டு,
இது யாருது, இது யாருதுய்யா?
முப்பது நாளாகியும் சேராத பொட்டலத்தை
மேல்தட்டில் ஏற்றித் தேதி எழுதுகிறவனும் நான்தான்.

முழுப்பேர் ஏசுவடியான்.
முத்திருளாண்டிக்கு அது நீளம்.
"யேசு, அந்தத் தார்ப்பாயப் பிடி."
"யேசு, டீ சொல்லவா?"
ராத்திரிக்கு நாற்பது தடவை
அந்தப் பெயரைக் கூப்பிடுகிறான்.
ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை
அது யார் பெயர் என்று.
பதினோரு வருஷம்.

அவனுக்கோ எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.
பரவையில் தக்காளி விலை இறங்கினால்
டிரைவர், கிளீனர், டிக்கெட் கிழிக்கிற பையன்,
வண்டிக்குக் காத்திருக்கும் முகம் தெரியாத பயணி
எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.
மூலத்துக்கு உசிலம்பட்டியில் ஒரு டாக்டர்,
தனக்கு அங்கேதான் குணமானது என்று
வெட்கமில்லாமல் அட்ரஸ் எழுதிக் கொடுப்பான்
கேட்காதவனுக்கும்.
பாண்டி கோயிலில் கிடா வெட்டினால்
எனக்கென்று ஒரு தூக்குவாளி வரும்.
படைத்ததை நான் தொடுவதில்லை.
"திங்க மாட்டேன்னு தெரியும்.
அதுக்காகக் கொண்டு வராம இருக்க முடியுமா?"
என் பங்கையும் அவனே சாப்பிடுவான்,
கோபமில்லாமல், எலும்பு உறிஞ்சி.

எனக்கும் ஒன்று நடந்திருக்கிறது.
குடித்துக் குடித்து வேலை போகவிருந்த வைகாசியில்
கூடல்நகர் தண்டவாளத்தின் ஓரம்
ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன், ஏறுவதற்கு அல்ல.
அன்றைக்கு என்னை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியவரைப் பற்றி
சபையில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்,
மூன்று முறை, அழுதுகொண்டே,
ஏற்கெனவே அவரைத் தெரிந்தவர்களிடம்.
"எப்படிடா குடிய விட்ட?"
முத்திருளாண்டி மட்டும்தான் வாய்விட்டுக் கேட்டான்.
அல்சர் என்றேன்.

போன வாரம், வார விடுமுறை ராத்திரி, இரண்டேகால்.
போன் அடித்தது.
எவர் வீட்டில் சாவோ என்று எடுத்தேன்.
"ஆத்துல தண்ணி வந்துருச்சு யேசு. வா."
வைத்துவிட்டான்.
அடுத்தவனைக் கூப்பிட வேண்டுமே அவனுக்கு.

ஏ.வி. பாலத்தின் நடுவில் லுங்கியோடு நின்றிருந்தான்.
கீழே முதலில் நுரை, செருப்பு, ஆகாயத்தாமரை,
யாரோ விட்ட மாலை.
அதற்குப் பின்னால்
காய்ந்த மணலை நக்கியபடி
கலங்கலாக, மெதுவாக, தண்ணீர்.
அணை எத்தனை அடி என்று அவன் விளக்கவில்லை.
எனக்குத் தாகமா என்றும் விசாரிக்கவில்லை.
"பாத்தியா" என்றான்.
பிறகு பால் வண்டிக்காரரை மறித்து
அவருக்கும் காட்டினான்.
அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு
கேனைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.
அதற்கும் அவன் முகம் வாடவில்லை.

எனக்கு வாய் உலர்ந்திருந்தது.
பாஸ்டர் மனப்பாடம் செய்யச் சொன்ன நாலு கேள்வியில்
ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"முத்து, அது அல்சர் இல்ல."

"எது?"

"குடிய விட்டது."

அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தவன்
போனை மடியில் செருகினான்.
ஆறு இரைந்தது.
ஒரு லாரி போகும்வரை பொறுத்திருந்து
என் பக்கம் காதைச் சாய்த்தான்.

"கொசு புடுங்குது. சீக்கிரம் சொல்லு."